மூளைக் குறிப்பை அறியும் பொறி

ஒருவர் படுக்கையில் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது, காது கேட்கிறது, அறிவு தெளிவாக இருக்கிறது. மகள் அருகில் வந்து, "மருந்து வேண்டுமா, அப்பா?" என்று கேட்கிறாள். கேள்வி அவருக்கு விளங்குகிறது. விடையும் உள்ளத்தில் உருவாகிவிடுகிறது. ஆனால் நாக்கு அசையவில்லை, உதடு அசையவில்லை, கையும் எழவில்லை. உள்ளே எழுந்த விடை "வேண்டும்" என்பதா, "வேண்டாம்" என்பதா? கட்டிலருகே நிற்கும் மகளுக்கு அது தெரியாது.

மூளைத் தண்டைத் தாக்கும் பக்கவாதமும், ஏ.எல்.எஸ். எனப்படும் நரம்பு நோயும் மனிதரை இந்நிலைக்குக் கொண்டுவரக் கூடும். இங்கே பழுதுற்றது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். சொல்லவேண்டியதை உருவாக்கும் ஆற்றல் பெரும்பாலும் அழியவில்லை. அதனைத் தசைகளுக்குக் கொண்டுசெல்லும் வழியே அறுந்துள்ளது. கடிதம் எழுதுபவர் இக்கரையில் இருக்கிறார். பெறுபவர் அக்கரையில் இருக்கிறார். நடுவிலிருந்த பாலம் இடிந்துவிட்டது. பாலத்தை மீண்டும் கட்ட இயலாதபோது, கடிதத்தை இக்கரையிலேயே படித்துச் செய்தியை வேறு வழியில் அனுப்பலாமன்றோ? அம்முயற்சியே மூளை–கணினி இடைமுகம் என்பது. 1973-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜாக் விடால் இப்பெயரை வழங்கினார்.

"அப்படியானால் பொறி மனத்தைப் படித்துவிடுகிறதா?" என்று நம் நண்பர்கள் கேட்பதுண்டு. இல்லை என்பதே விடை. அது படிப்பது மனத்தை அன்று. ஒருவர் விரும்பிச் செய்யும் முயற்சியின் சுவட்டை. இவ்வேறுபாடு சிறியது போலத் தோன்றும். ஆனால் இத்துறையின் பெருமையும் அதன் இடரும் இதிலேயே அடங்கியுள்ளன. அதனை ஒவ்வொரு படியாக நோக்குவோம்.

குறிப்பு எங்கிருந்து வருகிறது?

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை சிறு மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று உறவாடுகின்றன. செருமனியில் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ஆம் ஆண்டில் மனிதத் தலையிலிருந்து மூளை மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-இல் அதனை வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் இ.இ.ஜி. என்று வழங்கும் ஆய்வு அவ்வழி வந்ததே.

இம்முறையில் தலைத்தோலின்மேல் மின்வாய்கள் வைக்கப்படுகின்றன. அறுவை வேண்டியதில்லை, இது பெரிய நன்மை. ஆனால் மண்டையோட்டையும் தோலையும் கடந்து வரும் குறிப்பு மிக மெலிந்தது. அதன் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை இருக்கும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கண் இமைத்தாலும், பல்லைக் கடித்தாலும் இதனினும் பெரிய மின்னசைவு எழுந்து குறிப்பை மறைத்துவிடும். அறையிலுள்ள விளக்கும் விசிறியும் கூட, நம் நாட்டு மின்னோட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை அதில் கலந்துவிடும்.

கல்யாண மண்டபத்தின் வெளியே தெருவில் நிற்பவரை எண்ணிப் பாருங்கள். உள்ளே தாலி கட்டும் வேளை வந்துவிட்டது என்பதைக் கெட்டிமேளத்தால் அறிவார். ஆனால் மூன்றாம் வரிசையில் இருவர் பேசிக்கொள்வது அவர் காதில் விழாது. இ.இ.ஜி.யின் நிலையும் அத்தகையதே. பேச்சைக் கேட்க வேண்டுமானால் மண்டபத்தினுள் நுழைய வேண்டும். அதற்காகச் சிலருக்கு, அவர்தம் இசைவோடு, மூளையின் மேற்பரப்பிலோ அதன் புறணியினுள்ளோ மின்வாய்களைப் பதிக்கின்றனர். பெரிதும் கையாளப்பட்டுவரும் யூட்டா மின்வாய்த் தொகுதி 4 மில்லிமீட்டர் நீளமும் 4 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதில் ஊசி போன்ற சிறு மின்வாய்கள் வரிசையாக நிற்கின்றன. அவை அருகிலுள்ள நரம்பணுக்களின் துடிப்புகளைத் தனித்தனியே கேட்க வல்லவை.

நரம்பணு என்ன சொல்லுகிறது?

துடிப்பு கேட்கிறது, அதன் பொருள் யாது? 1969-இல் எபர்ஹார்ட் ஃபெட்ஸ் என்பவர் குரங்குகளிடம் ஓர் ஆய்வு செய்தார். குறிப்பிட்ட ஒரு நரம்பணு விரைந்து துடித்தால் குரங்கிற்கு உணவு கிடைக்கும். சிறிது பயிற்சிக்குப்பின் குரங்கு அந்த நரம்பணுவின் துடிப்பைத் தானே கூட்டக் கற்றுக்கொண்டது. மூளையும் கருவியைப் பழகிக்கொள்ளும் என்பது இதனால் விளங்கியது.

1980-களில் அப்போஸ்தலோஸ் ஜார்ஜோபூலஸும் அவர் குழுவினரும் மற்றோர் உண்மையைக் கண்டனர். கையை இயக்கும் மூளைப்பகுதியிலுள்ள நரம்பணு ஒவ்வொன்றுக்கும் விருப்பமான ஒரு திசை உண்டு. கை அத்திசையில் செல்லும்போது அது மிகுதியாகத் துடிக்கும். திசை விலக விலகத் துடிப்புக் குறையும். ஒரு நரம்பணுவை மட்டும் கேட்டால் தெளிவான விடை கிடைக்காது. பலவற்றின் துடிப்பையும் வாக்குகளைப் போல எண்ணிக் கூட்டினால், கை செல்லும் திசை தெளிவாக வெளிப்படும்.

பொறி கற்கும் விதம்

இனி, இயந்திரக் கற்றல் என்பதைச் சிறு கணக்கு ஒன்றினால் அறிவோம். எண்கள் விளக்கத்திற்காக நாமே அமைத்துக்கொண்டவை.

இரண்டு நரம்பணுக்களைக் கவனிக்கிறோம். நோயாளியிடம், "வலப்பக்கம் கையை நகர்த்த முயலுங்கள்" என்கிறோம். கை நகராது, ஆனால் அவர் முயல்கிறார். பலமுறை முயன்றதில் முதல் நரம்பணு நொடிக்குச் சராசரி 30 முறையும், இரண்டாவது 12 முறையும் துடித்தன. இடப்பக்கம் முயன்றபோது அவை முறையே 10, 28 ஆயின. பொறி இவ்விரு சராசரிகளையும் நினைவில் கொள்கிறது. பயிற்சி என்பது இவ்வளவே.

இப்போது அவர் திசையைச் சொல்லாமல் முயல்கிறார். துடிப்புகள் 24, 15 என வருகின்றன. பொறி இரண்டு சராசரிகளிலிருந்தும் இதன் தொலைவை அளக்கிறது. வலப்பக்கச் சராசரியிலிருந்து வேறுபாடுகள் 6, 3. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 36 + 9 = 45. இடப்பக்கத்திலிருந்து வேறுபாடுகள் 14, 13. கூட்டுத்தொகை 196 + 169 = 365. ஆகவே "வலம்" என்கிறது பொறி. ஐயத்திற்கு இடமில்லை.

மற்றொரு முறை 19, 21 என வருகின்றன. வலப்பக்கக் கணக்கு 121 + 81 = 202; இடப்பக்கக் கணக்கு 81 + 49 = 130. பொறி "இடம்" என்று சொல்லும். ஆனால் இம்முறை வேறுபாடு சிறிது. முன்னதில் அது அறிந்து சொன்னது; இதில் ஊகித்துச் சொல்லுகிறது. திரையில் தோன்றும் சொல்லோ இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். இதனை நினைவிற் கொள்க. பின்னர் இதற்கு வருவோம்.

இரண்டு நரம்பணுக்களுக்குப் பதில் இருநூறு மின்வாய்கள், இரண்டு திசைகளுக்குப் பதில் பல ஒலிகள் என்று கணக்கு விரியும். சராசரிக்குப் பதிலாக, காலத்தோடு மாறும் கோலங்களைக் கற்கும் நரம்பு வலையமைப்புகளைப் பயன்படுத்துவர். அடிப்படை மட்டும் மாறாது: முதலில் எடுத்துக்காட்டு, அதிலிருந்து விதி, விதியைக் கொண்டு புதியதை ஊகித்தல். நோயாளி பொறுமையோடு நூற்றுக்கணக்கான முறை முயன்று காட்டாவிடின் பொறிக்குப் பாடநூலே இல்லை.

அப்பாடநூலும் நிலையானதன்று. மின்வாய் இம்மியளவு நகரும். அதனைச் சுற்றித் திசு வளரும். நேற்றுக் கேட்ட நரம்பணுவின் குரல் இன்று கேளாமற் போகும். ஆதலால் நேற்றுக் கற்ற விதி இன்று சிறிது பிழைபடும். பொறி மீண்டும் மீண்டும் பயில வேண்டியிருக்கிறது.

தேர்வில் நேர்மை

நாம் மாணவர்கள், தேர்வைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சியில் செய்த கணக்குகளையே தேர்விலும் கேட்டால் நூற்றுக்கு நூறு வாங்கலாம். அது கணக்கு அறிந்ததற்குச் சான்றாகாது. பொறிக்கும் அவ்வாறே. அது காணாத குறிப்புகளை ஒதுக்கி வைத்துச் சோதித்தாலன்றி அதன் திறமையை நம்பலாகாது.

இதில் மறைவான பிழை ஒன்று உண்டு. காலையில் பூனைப் படங்களை மட்டும் தொடர்ந்து காட்டிப் பதிவு செய்கிறோம். நண்பகலில் வீட்டுப் படங்களை மட்டும் காட்டுகிறோம் என்று கொள்வோம். நேரம் செல்லச் செல்ல மின்வாய்ப் பசை உலர்கிறது, பார்ப்பவர் களைப்படைகிறார், மின்னலை தானாகவே மாறுகிறது. பின்னர்ப் பதிவுகளைக் கலைத்துச் சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைத் தேர்வுக்கும் எடுத்தால், பொறி பூனையையும் வீட்டையும் பிரித்துவிடும். உண்மையில் அது பிரித்தது காலையையும் நண்பகலையும்! இ.இ.ஜி. ஆய்வுகளில் இவ்வகைப் பிழை உண்மையாகவே நேர்ந்து, பின்னர்ப் பிறரால் சுட்டிக்காட்டப்பட்டிருக்கிறது.

இன்னும் வருத்தத்திற்குரிய நிகழ்ச்சியும் உண்டு. கண்ணையும் அசைக்க இயலாத நோயாளிகள் "ஆம்", "இல்லை" என்று விடையளித்தனர் எனக் கூறிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 2017-இல் வெளிவந்தது. அதன் கணக்குகள் ஐயத்திற்குள்ளாகி, 2019-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அச்செய்தியை நம்பியிருந்த குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், தேர்வில் நேர்மை என்பது வெறும் விதிமுறை அன்று என்பது விளங்கும்.

வென்ற படிகள்

இவ்விடர்களையெல்லாம் கடந்து இத்துறை அடைந்துள்ள வெற்றி வியக்கத்தக்கது. தண்டுவடம் அறுந்த இளைஞர் ஒருவர் 96 மின்வாய்களின் உதவியால் திரையிலுள்ள சுட்டியை நகர்த்தி, மின்னஞ்சலைத் திறந்தார். செயற்கைக் கையை மூடித் திறந்தார். 2006-இல் இச்செய்தி வெளியாயிற்று. 2012-இல் வெளியான ஆய்வில், பக்கவாதத்தால் கைகால் இயங்காத பெண்மணி ஒருவர் இயந்திரக் கையை மூளைக் குறிப்பால் இயக்கிக் காப்பியை எடுத்துக் குடித்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப்பின் பிறர் உதவியின்றி அவர் பருகிய முதற் காப்பி அதுவே.

2021-இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர் ஒரு புதுவழி கண்டனர். கை செயலிழந்த ஒருவரைப் பேனாவால் எழுதுவதாக முயலச் செய்தனர். பொறி அவ்வெழுத்துகளை அறிந்து நிமிடத்திற்கு 90 எழுத்துகளைத் திரையில் இட்டது. திருத்தத்திற்கு முன்னரே 94.1 விழுக்காடு சரியாக இருந்தது. நேர்க்கோட்டில் சுட்டியை நகர்த்துவதினும் இது விரைவாக இருந்தது ஏன்? நேர்க்கோடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எழுத்துகளோ வளைந்தும் சுழித்தும் வேறுபடும். வேறுபாடு மிகுந்தால் பொறிக்குக் குழப்பம் குறையும்.

அடுத்துப் பேச்சு வந்தது. 2023-இல் ஏ.எல்.எஸ். நோயுற்ற பெண்மணி ஒருவர் பேச முயன்றதை நிமிடத்திற்கு 62 சொற்கள் வீதம் பொறி எழுதிற்று. ஆனால் 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியைப் பயன்படுத்தியபோது ஏறத்தாழ நான்கில் ஒரு சொல் பிழையாயிற்று. 2024-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார், 256 மின்வாய்களைக் கொண்டு, அதே அளவு அகராதியில் 97.5 விழுக்காடு சரியாக வருமாறு செய்தனர். நோய்க்கு முன்னிருந்த அவர் குரலைப் போன்ற செயற்கைக் குரலிலேயே பொறி அவ்வாக்கியங்களைப் படித்தது.

யாருடைய சொல்?

இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். பேச்சுப் பொறி இரண்டு சான்றுகளைக் கேட்டுத் தீர்ப்பளிக்கிறது. ஒன்று, மூளைக் குறிப்பு: நோயாளி எவ்வொலிகளை ஒலிக்க முயன்றார் என்பது. மற்றொன்று, மொழி வழக்கு: எச்சொல்லுக்குப்பின் எச்சொல் வருதல் இயல்பு என்பது. இரண்டாவதைப் பெருந்தொகையான நூல்களிலிருந்தும் உரைகளிலிருந்தும் பொறி முன்கூட்டியே கற்றிருக்கும். அது பல பிழைகளைத் திருத்துகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் நாம் தொடக்கத்தில் கண்ட தந்தையிடம் திரும்புவோம். "மருந்து" என்று தொடங்குகிறார். அடுத்த சொல்லில் குறிப்பு மங்கலாக இருக்கிறது. "வேண்டும்", "வேண்டாம்" ஆகிய இரண்டும் தொடக்கத்திலும் முடிவிலும் ஒத்து, இடையில் ஓர் உயிரொலியால் மட்டும் வேறுபடுகின்றன. பொருளாலோ நேர் எதிரானவை. மூளைக் குறிப்பு "வேண்டாம்" என்பதற்கு 60 பங்கும், "வேண்டும்" என்பதற்கு 40 பங்கும் ஆதரவு தருகிறது என்று கொள்வோம். ஆனால் பொறி கற்ற நூல்களில் "மருந்து வேண்டும்" என்பது நான்கு முறை வந்தால் "மருந்து வேண்டாம்" என்பது ஒரு முறையே வந்துள்ளது. பொறி பெருக்குகிறது: 60 × 1 = 60; 40 × 4 = 160. திரையில் "மருந்து வேண்டும்" என்று தோன்றுகிறது. அவர் குரலிலேயே அது ஒலிக்கவும் செய்கிறது. மகள் மகிழ்ந்து மருந்தை எடுத்து வருகிறாள். மறுக்க அவருக்கு வாயில்லை.

ஊர் வழக்கம் ஒரு மனிதரின் விருப்பத்தை வென்றுவிட்டது. அது பேசிய சொல் அவருடையதன்று. ஊமையாக இருப்பதினும் கொடியது, தான் சொல்லாததைத் தன் குரலில் கேட்பது.

ஆகவே நல்ல பொறிக்கு மூன்று இயல்புகள் வேண்டும். ஐயமுள்ள இடத்தில் அது தன் ஐயத்தைக் காட்ட வேண்டும். ஒத்த இரு சொற்கள் எதிரான பொருள் தருமிடத்தில் இரண்டையும் காட்டிக் கேட்க வேண்டும். எழுதியதை ஏற்கவும் மறுக்கவும் நோயாளிக்கு ஒரு வழி இருத்தல் வேண்டும். டேவிஸ் ஆய்வில், திரையில் வந்த வாக்கியம் சரியா தவறா என்பதை நோயாளி கண்ணசைவால் அறிவித்தார். சிறு ஏற்பாடுதான், ஆனால் தீர்ப்பை உரியவர் கையில் வைப்பது அதுவே.

மற்றொரு காவலும் வேண்டும். 2025-இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர், வாய்திறந்து பேச முயலாது உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களும் ஓரளவு பொறிக்குப் புலப்படும் என்று காட்டினர். அப்படியானால் சொல்ல விரும்பாததும் வெளிப்படுமே என்ற அச்சம் எழும். அதற்கு அவர்களே ஒரு தாழ்ப்பாள் செய்தனர்: நோயாளி ஒரு குறிச்சொல்லை மனத்துள் சொன்னாலன்றிப் பொறி கேளாது. சிலி நாடு 2021-இலேயே மூளைச் செயல்களையும் அவற்றிலிருந்து பெறும் செய்திகளையும் காக்கும் கடமையைத் தன் அரசியலமைப்பில் சேர்த்தது.

நமக்குள்ள வேலை

மேலே கண்ட பேச்சுப் பொறிகள் ஆங்கிலத்தின் ஒலிகளையும் ஆங்கிலத்தின் வழக்கையும் கற்றவை. தமிழ் நோயாளிக்கு அவற்றை அப்படியே பொருத்த இயலாது. ஆங்கிலத்திற்கு 1,25,000 சொற்கள் போதும் எனலாம். தமிழிலோ "வா" என்னும் ஒரு வினை வந்தேன், வருகிறாள், வரவில்லை, வரமாட்டார்கள், வந்துவிட்டானாம் என்று பெருகிக்கொண்டே போகும். சொற்பட்டியலை நம்பாது, பகுதியும் விகுதியும் சேரும் முறையைப் பொறிக்குக் கற்பிக்க வேண்டும். மேலும், படுக்கையிலிருப்பவர் ஏட்டு நடையில் பேச முயலமாட்டார். "தண்ணி வேணும்" என்றுதான் முயல்வார். அச்சு நூல்களை மட்டும் கற்ற பொறி அவர் பேச்சைப் பிழையெனக் கருதித் "திருத்தும்". நெல்லையார் பேச்சும் கோவையார் பேச்சும் அதற்கு விளங்கினாலன்றி அது அவர்களுக்குப் பயன்படாது.

இப்பணிக்குப் பொறியியல் மாணவர் மட்டும் போதார். நரம்பியல் பயில்வோர், புள்ளியியல் பயில்வோர், மொழியியல் பயில்வோர், நோயாளியின் கட்டிலருகே நாள்தோறும் நிற்கும் மருத்துவ மாணவர் ஆகிய அனைவரும் வேண்டும். நம் சங்கத்தின் ஒரே கூடத்தில் இவர்கள் யாவரும் வாரந்தோறும் அமர்கின்றனர். மண்டையோட்டைத் திறக்காமல் செய்யக்கூடிய பணியும் நிறைய உண்டு. பேச்சு வழக்கை வட்டாரந்தோறும் திரட்டலாம். எதிர்ப்பொருள் தரும் ஒத்த சொற்களைத் தொகுக்கலாம். பலரும் பயன்படுத்துமாறு பொதுவில் வெளியிட்டுள்ள இ.இ.ஜி. பதிவுகளைக் கொண்டு நேர்மையான தேர்வு நடத்திப் பழகலாம்.

பொறி இன்னும் விரைவாகப் பேசும் காலம் வரும். அப்போதும் அதனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை சொற்கள் பேசிற்று என்பது மட்டுமன்று. "வேண்டாம்" என்று ஒருவர் எண்ணினால், அந்த "வேண்டாம்" மாறாமல் மகளின் காதிற்குச் சென்று சேருகிறதா என்பதே.